ஒரு நாள் விட்டு ஒரு நாள் மின்புலம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு யாரும் வரவில்லை. மேல்நிலை இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலி என்று பள்ளியிலிருந்து மாதாமாதம் அறிக்கை போய்க்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஓர் ஆள் போனால் அந்த இடம் கொஞ்ச காலமாவது காலியாகத் தெரிய வேண்டும். உடனே நிரம்பிவிட்டால் அத்தனை வருஷம் இருந்ததற்கு என்ன அர்த்தம்?

பள்ளி ஏரிக்கரையில் இருக்கிறது. தோணிரேவுப் பிள்ளைகளும் பக்கத்துக் குப்பங்களின் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான் படிக்கிறார்கள். நான் காட்டூர்க்காரன், நெல் விளைவிக்கும் குடும்பம். முப்பது வருஷத்துக்கு மேலாக பஸ் பிடித்து ஏரிக்கரைக்குப் போய்க் கற்பித்துவிட்டு, மீன் வாசனையோடு வீடு திரும்பியவன்.

இந்த வருஷம் பள்ளி திறப்பதற்கு முன் தலைமையாசிரியை கைபேசியில் அழைத்தார். யாராவது நியமனமாகி வரும்வரை பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை மட்டும் நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை; உடனே சரி என்றால் காத்திருந்தது தெரிந்துவிடும். மறுநாள் சம்மதம் சொல்லி, மதிப்பூதியம் வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தேன். வேண்டாம் என்பதையும் எழுத்தில் கொடுப்பதுதான் முறை.

முதல் நாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். உள்ளே ஒரு பெண் கையில் சாக்பீஸோடு கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தன் பங்குக்கு ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறார். அவர் ஏரியில் வலை போடுபவர். கேட்டவரிடமெல்லாம் சொல்லி வைத்து, சுண்ணாம்புக்குளத்திலிருந்து இந்தப் பெண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். எம்.எஸ்ஸி., பி.எட். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியலும் பன்னிரண்டுக்கு இயற்பியலும் எடுப்பதாக ஏற்பாடு. தலைமையாசிரியையிடம் சொல்லத் தலைவருக்கு மறந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டதை அவரிடம் சொல்லத் தலைமையாசிரியைக்கும் மறந்துவிட்டது.

அந்தப் பெண்ணை அவள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனாலும் சக ஆசிரியர். அவர் என்றே எழுதுகிறேன். என் மகளைவிட இளையவர். என்னிடம் படித்தவராக இருந்திருந்தால் வரும் பெருமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை. வேறு பள்ளியில் படித்திருக்கிறார்.

தலைமையாசிரியையின் அறையில் பஞ்சாயத்து நடந்தது. நான் என் அனுபவத்தைச் சொன்னேன், தேர்ச்சி விழுக்காட்டைச் சொன்னேன், பணிமூப்பு என்ற சொல்லையும் ஓரிரு முறை பயன்படுத்தினேன். அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. பேசாமல் நிற்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல் தெரியும். தலைமையாசிரியைக்கு என்னைப் பார்த்தால் பழைய பயம். கழகத் தலைவரைப் பார்த்தால் புதிய பயம். கடைசியில் தலைவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

“இன்னாத்துக்கு சார் இவ்ளோ பேச்சு? ஒரே எடத்துல ரெண்டு பேரு வல போட்டா வலதான் சிக்கும். ஒரு நாள் உங்க பாடு. ஒரு நாள் மிஸ்ஸோட பாடு. காலாண்டுப் பரீச்ச கிட்ட வரட்டும், குந்திப் பேசிக்கலாம்.”

பாடு என்பது ஏரியின் சட்டம். ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறைய விழும் இடங்கள் உண்டு. எல்லோரும் அங்கேயே வலை போட்டால் வெட்டுக் குத்து ஆகிவிடும் என்பதால் முறை வைத்திருக்கிறார்கள். சீட்டுப் போட்டு எடுத்து, இன்ன நாள் இன்னார் பாடு என்று பிரித்துக்கொள்வார்கள். அடுத்தவன் பாட்டில் இறால் துள்ளி வந்து தோணியில் விழுந்தாலும் தொடக் கூடாது. இதில் பாத்தியதை உள்ள குடும்பங்கள் உண்டு. இல்லாத குடும்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும்.

மீனுக்கு இது நல்ல சட்டம். ஒரு பாடத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு பேர் நடத்துவது உலகத்தில் எங்கும் இல்லாத கூத்து. பாட வேளை ஒதுக்கீட்டு விதிகள் எனக்கு மனப்பாடம். தடை செய்யும் விதி ஏதாவது இருக்கிறதா என்று அங்கேயே நின்று மனத்துக்குள் தேடினேன். இப்படி ஒன்றை யாரும் செய்வார்கள் என்று யாருக்கும் தோன்றாததால் தடையும் இல்லை. சீட்டு எடுத்தார்கள். முதல் பாடு எனக்கு விழுந்தது. வெற்றி பெற்றவனைப் போல் வகுப்புக்குப் போனேன்.

முதல் பாடம் நிலைமின்னியல். கூலூம் விதியை முடித்துவிட்டு மின்புலத்துக்கு வர வேண்டும். நான் அதை எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். ஒரு புள்ளியில் ஓரலகு நேர் மின்னூட்டத்தை வைத்தால் அது உணரும் விசையே அப்புள்ளியில் மின்புலம். சோதனை மின்னூட்டம் புறக்கணிக்கத்தக்க அளவு சிறியதாக இருக்க வேண்டும். அலகு, திசை, சூத்திரம், பெட்டி போட்ட விடை. செய்து காட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய் வெகு நாளாகிறது. எங்கள் ஏரிக் காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே இருக்கும். எபொனைட் தண்டைக் கம்பளியில் தேய்த்தால் கைதான் வலிக்கும். காகிதத் துணுக்கு நகராது. “நகர்ந்ததாக வைத்துக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்தக் கரையில் பல தலைமுறைப் பிள்ளைகள் அந்தத் துணுக்குகள் நகர்ந்ததாக வைத்துக்கொண்டே தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள்.

மறுநாள் அவர் பாடு. வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும். இயற்பியல் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று காரணம் கண்டுபிடித்துப் பள்ளிக்குப் போனேன். ஆய்வகத்துக்குள் அவர் ஒரு கொசு பேட்டின் வலையைக் கழற்றி, உள்ளேயிருந்து இரண்டு கம்பிகளை வெளியே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். நாளை மறுநாளுக்கு, மின்புலத்தைக் காட்ட, என்றார். நான் நேராகத் தலைமையாசிரியையிடம் போனேன். உயர் மின்னழுத்தம் உள்ள கருவி, இருப்பில் ஏறாத பொருள், மாணவர் பாதுகாப்பு என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். சொன்னதெல்லாம் சரி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதுகாப்பு முக்கியம்தான், அதனால் அந்த வகுப்பின்போது நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இப்படித்தான் அவர் வகுப்பில் நான் ஒரு நாற்காலியில் உட்கார நேர்ந்தது.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் ஊற்றினார். உப்புமா ரவையை ஒரு சிட்டிகை தூவினார். இரண்டு கம்பி முனைகளையும் சற்று இடைவெளி விட்டு எண்ணெயில் நிறுத்தினார். பிள்ளைகள் மேசையைச் சுற்றி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பேட்டின் பொத்தானை அழுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் ரவை மணிகள் தூக்கத்திலிருந்து எழுந்தவை போல மெல்லத் திரும்பின. ஒன்றன் வாலை ஒன்று பிடித்தன. ஒரு கம்பியிலிருந்து வளைந்து வளைந்து மற்றக் கம்பிவரை கோடு கோடாக நின்றன.

அந்தக் கோடுகளை நான் முப்பது வருஷமாக சாக்பீஸில் வரைந்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். அவை என் கோடுகள். யாரோ ஒருவர் வந்து உப்புமா ரவையில் போட்டுவிட்டார். எண்ணெய் எனக்கு ஏன் தோன்றவில்லை? எண்ணெய்க்குள் ஏரிக் காற்று எங்கே வரப்போகிறது? வீட்டில் இருக்கும் பொருள். ஒரு சிட்டிகை ரவை. அந்த நாற்காலியில் எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அதில் மிகை கிடையாது.

பொத்தானை விட்டுவிட்டு அவர் கேட்டார்: “ரவ போடறதுக்கு முன்னாடி இங்க ஒண்ணும் இல்லையா?”

பின்னாலிருந்து ஒரு பையன், பாடு உள்ள வீட்டுப் பிள்ளை, சொன்னான்: “இன்னா மிஸ் கேள்வி இது? நாம வல போடலன்னா எறா அங்க இல்லன்னு ஆயிடுமா?”

சிரிப்பு. அவன் பக்கத்து வரிசையில் ஒரு பெண். அவள் அம்மா தண்ணீரில் இறங்கிக் கையால் பிடிப்பவர். “ஒனக்கு வல கீது, நீ பேசுவ,” என்று அவனை வெட்டினாள். பிறகு ஆசிரியையிடம், “கையில புடிக்கச் சொல்லோ மெதுவாத் தடவணும் மிஸ். பெருசாக் கலக்குனா எறா எடம் மாறிடும். அப்பறம் அது மொதல்ல எங்க இருந்திச்சினு எப்டித் தெரியும்?”

“அதனாலதான் சோதனை மின்னூட்டம் சின்னதா இருக்கணும்,” என்றார் அவர். அவ்வளவுதான். அடுத்ததுக்குப் போய்விட்டார்.

“புறக்கணிக்கத்தக்க அளவு சிறியதாக” என்று நான் சொல்லச் சொல்ல எத்தனை பேர் எழுதியிருப்பார்கள். ஏன் சிறியதாக என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததை நான் என் விளக்கத்தின் தெளிவு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பொன்னேரியில் இறங்கி ஒரு கொசு பேட் வாங்கினேன். வீட்டில் சமையலறை மேடையில் வைத்துக் கழற்றினேன். விளக்கெண்ணெய் ஊற்றினேன், ரவை போட்டேன், பொத்தானை அழுத்தினேன். ரவை கிண்ணத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பிகளை நகர்த்தப் போய்க் கையில் சுரீரென்று ஒன்று வாங்கினேன். மனைவி வாசலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது.

“ஏங்க, அந்தப் பொண்ணு பண்ணதா இது?”

பாதுகாப்பைப் பரிசோதிக்கிறேன் என்றேன்.

“பரிசோதிங்க. அந்த ரவைய மட்டும் திரும்ப டப்பாவுல கொட்டாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் அடுத்த பாட்டில் நான் ஒரு திருத்தத்தோடு உள்ளே போனேன். உவமைகள் ஆபத்தானவை என்று தொடங்கினேன். இறால் ஒரு பொருள். பிடித்தால் கூடையில் விழும். புலம் பொருள் கிடையாது. ஓர் இடத்தின் தன்மை. பத்து சோதனை மின்னூட்டங்களை வைத்துப் பார்த்தாலும் புலம் தீர்ந்துபோகாது. பத்து வலை போட்டால் இறால் தீர்ந்துபோகும். ஆகவே புலம் என்பது இறால் அல்ல. இதைச் சொன்னபோது உள்ளே எனக்கு ஒரு குளிர்ச்சி. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் சொல்வதை எல்லாம் எழுதுவார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் யாரையும் வெட்டவில்லை. மணி அடித்ததும் அந்தப் பையன் மட்டும், நாளைக்கு மிஸ் பாடுதானே சார் என்று கேட்டு உறுதி செய்துகொண்டான்.

இப்படியே வாரங்கள் போயின. அவர் பாட்டின் நாளில் வகுப்பிலிருந்து சத்தம் வரும். என் பாட்டின் நாளில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். அமைதியை நல்ல வகுப்பின் அடையாளமாக நான் பல பயிற்சி முகாம்களில் பேசியிருக்கிறேன். இப்போது அந்த அமைதியே என்னை உறுத்தியது. தாழ்வாரத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டால் வணக்கம் சொல்லி ஒதுங்கினார்கள். அவரைக் கண்டால் கூடவே நடந்தார்கள். அவர் டிபன் பாக்ஸில் யாரோ வீட்டிலிருந்து வந்த நண்டு வறுவலைப் பார்த்தேன். எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

மின் இருமுனைதான் என் ஆட்டம் என்று நம்பியிருந்தேன். அதன் அச்சுக்கோட்டில் மின்புலத்தைத் தருவிப்பேன். பலகையின் இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு வரியும் அழிக்காமல், விடை வலது கீழ் மூலையில் வந்து நிற்கும். அதற்கென்று வைத்திருந்த என் பாட்டின் நாளில் குப்பத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். பிள்ளைகளும் பள்ளிக்கு வரவில்லை. நான் காலி பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு, கழகத் தலைவரைத் தேடிப் பிடித்து, இழந்த நாளை ஈடுசெய்ய மறுநாள் எனக்கே தர வேண்டும் என்று கேட்டேன். ஈடுசெய் விடுப்புக்கான விதியை ஒப்புமையாகக் காட்டினேன். துக்க வீட்டு வாசல் என்பதால் தாழ்ந்த குரலில்தான் பேசினேன்.

“காத்து அடிச்சிப் போனாலும் சரி, சாவுல போனாலும் சரி, போன பாடு போனதுதான் சார்,” என்றார் அவர். “எங்க நைனா சாவுல எங்களுக்கே போச்சு. யார கேக்கறது?”

எழுத்தில் இல்லாத விதிக்கு எதிராக மேல்முறையீடு செய்ய இடமில்லை. மறுநாள் அந்தப் பெண் அதே கிண்ணத்தில் இருமுனையைக் காட்டினார். அதற்கடுத்த நாள் நான் பலகை நிறைய அதைத் தருவித்தேன். கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை அச்சடித்தது போல இருந்தது.

காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் சொன்னபடி உட்கார்ந்து பேசினோம். தலைமையாசிரியை, கழகத் தலைவர், நாங்கள் இருவர். இனி பொதுத் தேர்வு வரைக்கும் வகுப்பு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை தொடங்கினார். எனக்கு வகுப்பு முழுதாக வேண்டும். நான் வேறெதையும் அவ்வளவு விரும்பியதாக அண்மையில் நினைவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள் என்பதும் தெரியும். பிள்ளைகளைக் கேட்பது முறையல்ல என்று வாதிடத் தயாராகப் போயிருந்தேன். பேச வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் பேசினார்.

“சாருக்கே குடுத்துடுங்க மேடம். பொதுத் தேர்வு இருக்கு. சார் நடத்தினா பசங்க எழுதுவாங்க. நான் ஒன்பது, பத்து பாத்துக்கறேன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். கேட்டது கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் கொடுத்து நான் வாங்குவதா? நாளை முதல் ஒவ்வொரு நாளும் அந்த வகுப்பில் நுழையும்போது, இது அவர் விட்டுக்கொடுத்த வகுப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பிடித்த ரவைக் கிண்ணமும் போய், அதை எடுத்துப் போனவன் நான் என்றும் ஆகும். நல்ல பெயரையும் அவரே கொண்டுபோய்விடுவார். என்னால் தாங்க முடியாது.

“வேணாம். பாடு பாடாவே இருக்கட்டும்,” என்றேன்.

 தலைவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கரையில் அண்ணன் தம்பிகூட இப்படி விட்டுத் தர மாட்டார்கள், பெரிய மனசு என்றார். தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்மானத்தை எழுதும் வேலை வழக்கம்போல என்னிடம் வந்தது. ‘பெருந்தன்மையுடன்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார்கள். என் கையாலேயே எழுதினேன்.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண் என்னைப் பிடித்தார். முகத்தில் நன்றி எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது.

“ஏன் சார் வேணான்னீங்க?”

முறை என்று ஒன்று இருக்கிறது, அடிக்கடி மாற்றக் கூடாது என்று ஏதோ சொன்னேன்.

“முறையா? சார், உங்க மேல எனக்கு எவ்ளோ பொறாம தெரியுமா? எங்கிட்ட குஜாலா சிரிக்கறாங்க, பேசறாங்க. நோட்டத் தொறந்து பாத்தா ஒரு வரி இல்ல. நீங்க சொன்னதெல்லாம் இருக்கு. ‘புலம் என்பது இறால் அல்ல’, அதுகூட இருக்கு சார், செவப்புல அடிக்கோடு போட்டு. டெஸ்ட் வெச்சா என் பாட்டுல நடத்துன கணக்கையும் உங்க ஸ்டெப்லதான் போடறாங்க. அன்னிக்கு இருமுனைக்கு நான் படம் காட்டிட்டேன், வெளிய வந்து ஒரு பொண்ணு சொல்லுது, ‘நாளைக்கு சார் கரெக்டா சொல்லுவாரு, அப்ப எழுதிக்கலாம்’னு. நானு இன்னா சர்க்கஸா?” மூச்சு வாங்கிக்கொண்டார். “முழுசா உங்களுக்கே போயிட்டா, தினமும் இத பாக்க வேணாம்னுதான் குடுத்தேன். அதையும் வாங்க மாட்டேன்னுட்டீங்க.”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வயதில் மூத்தவன். அப்படியெல்லாம் இல்லையம்மா என்று ஒரு வார்த்தை. சொல்ல மனம் வரவில்லை. அப்படித்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியவந்திருந்தது. சிவப்புக் கோடு யார் போட்டது என்று மட்டும் கேட்டேன். கையால் இறால் பிடிக்கும் வீட்டுப் பெண்தான் என்றார். அவளா என்றேன். என் பஸ் வந்துவிட்டது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொன்னேரிச் சாலையில் திரும்பும்வரை அந்தப் பெண் நிறுத்தத்தில் நின்றது தெரிந்தது. அவருக்குச் சுண்ணாம்புக்குளம் பஸ் எப்போதும் தாமதம்.

வீட்டில் மனைவி கேட்டாள், “கிளாஸ் கெடச்சுதா?”

“பாதி,” என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு முறைக்கு இரு முறை பார்த்தாள். பாதியை இவ்வளவு சந்தோஷமாக நான் சொல்லி அவள் கேட்டதில்லை.